சீர் செய்தாச்சு... அப்புறம் பங்கு எதற்கு?

பெண்ணுரிமை என்றதும் கல்லூரிகளில் மார்ச் 8-ம் தேதி ஒரு கோலப்போட்டி, ஒரு பட்டிமன்றம், மதியம் சிறப்பு விருந்தினர் உரை. அத்தோடு அந்த வருடத்துப் பெண்ணுரிமை முடிந்தது! மேடையில் "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கும் அதே பையன், சில வருடம் கழித்து அக்காவைக் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவான். அங்கே அவளிடம் ஒரு கையெழுத்து வாங்குவான். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம்.

பெயரைக் கவனியுங்கள். விடுதலையாம்! யாரிடமிருந்து யாருக்கு விடுதலை? சொத்துக்கு அவளிடமிருந்து விடுதலை. அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: உயில் எழுதாமல் அப்பா இறந்துபோனால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோர் பெயரும் இருக்கும். மகள்களும் பங்குதாரர்கள் என்பதால், மகன்கள் தங்கள் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றவோ, முழுச் சொத்தையும் விற்கவோ, வங்கியில் அடமானம் வைக்கவோ முடியாது. அதனால்தான் மகள்களைக் கூப்பிட்டு, "எனக்குள்ள பாகத்தை அன்பின் காரணமாக என் சகோதரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். பெண்ணுக்குச் சொத்தில் பங்கே கிடையாது என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பங்கு உண்டு, ஆனால் அவளே அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்! எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு!

இந்தப் பங்கு சும்மா வரவில்லை. 1929-ம் ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதா இழுத்தடிக்கப்பட்டதால் 1951-ல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியையே தூக்கி எறிந்தார். 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே என்று விட்டுவிட்டது. குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க மனம் வைக்கும்வரை அவள் கேட்க முடியாது என்று 23-வது பிரிவு சொன்னது. அதாவது பசிக்கிறவளுக்கு இலை போட்டுவிட்டு, பரிமாறுவதை அண்ணன் இஷ்டத்துக்கு விட்டார்கள்.

அந்தக் குறையைத் தமிழ்நாடு 1989-ல் திருத்தியது. கலைஞர் ஆட்சியில் வந்த அந்தத் திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு இல்லை. திருமணம் ஆனதோ ஆகவில்லையோ, மகள் மகள்தான் என்று நாடு முழுமைக்கும் சொல்ல 2005 செப்டம்பர் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 23-வது பிரிவும் அப்போதுதான் ஒழிந்தது. அதற்குப் பிறகும், "2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா?" என்று கேட்டு மகள்களின் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது: இது பிறப்பால் வரும் உரிமை, அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

செங்கல்பட்டில் தொடங்கி 2020 வரை 91 வருடங்கள்! அத்தனை வருடப் போராட்டத்தை ஒரே ஒரு கையெழுத்தில், அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் நம் வீடுகளில்.

சரி, அவர்கள் சொல்லும் காரணங்களைத்தான் பார்ப்போமே.

முதல் காரணம்: "அவளுக்குத்தான் சீர் செய்து, நகை போட்டு, கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே!"

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. ஆனால் குடும்பக் கணக்கில் மட்டும் ஒரு பக்கம்தான் எழுதுவார்கள். மகளுக்குப் போட்ட நகை, மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவள் பெயரில் பற்று. மகனுக்குக் கட்டிய இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணம், வாங்கிக் கொடுத்த பைக், வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அவன் கல்யாண வரவேற்புச் செலவு... இதெல்லாம் எந்தப் பேரேட்டில் ஏறியது? எதிலும் ஏறவில்லை. மகளுக்குச் செய்தால் அது செலவு, மகனுக்குச் செய்தால் அது கடமை!

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடலாம். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். ஒரு மகன், ஒரு மகள். வீடும் நிலமுமாகச் சொத்து மதிப்பு 40 லட்சம். மகள் கல்யாணத்துக்குச் செய்தது 10 லட்சம். அதை அவள் பங்கில் கழித்தே தீருவோம் என்றாலும் மொத்தம் 50, ஆளுக்கு 25. அவளுக்கு 10 போய்விட்டது என்றால் இன்னும் 15 லட்சம் வர வேண்டும். மகனுக்குச் செய்த 12 லட்சத்தையும் நேர்மையாகச் சேர்த்தால் மொத்தம் 62, ஆளுக்கு 31. மகளுக்கு இன்னும் 21, மகனுக்கு 19! சட்டம் இந்தக் கழித்தலை எல்லாம் செய்யவில்லை, ஆளுக்கு 20 என்று விட்டுவிடுகிறது. ஆனால் வீட்டில் அவளுக்குக் கிடைப்பது ஒரு பட்டுப்புடவையும், போக வர பஸ் செலவும்.

இன்னொன்று. மகன் வீட்டார் கேட்டு வாங்கும் வரதட்சணை 1961-ம் ஆண்டிலிருந்தே குற்றம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, அதையே ரசீதாகக் காட்டி அடுத்த உரிமையையும் பறிப்பது எந்த ஊர் நியாயம்? வரதட்சணை கொடுத்ததால் மகளின் பங்கு போய்விடாது என்று 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது காரணம்: "பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது மகன்தானே!"

திருமணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பிள்ளைகள் என்றால் மகனும் மகளும்தான் என்கிறது. கடமை என்று வந்தால் சமம், பங்கு என்று வந்தால் மட்டும் வேற்றாளா? சட்டத்தை விடுங்கள். அரசு மருத்துவமனை வார்டுகளில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, அப்பாவின் படுக்கையை மாற்றிக்கொண்டு இருப்பவர்கள் யார் என்று ஒருநாள் போய்ப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் மகள் இருப்பாள். அவள் இல்லாவிட்டால் இன்னொரு வீட்டின் மகளாகிய மருமகள் இருப்பாள். காப்பாற்றும் வேலையைச் செய்கிறவள் ஒருத்தி, அதற்கான கூலியைச் சொத்தாக எழுதிக்கொள்கிறவன் இன்னொருவன்.

மூன்றாவது காரணம்: "அவள் வேறு வீட்டுக்குப் போகிறவள். நிலம் அந்நியன் கைக்குப் போய்விடும்."

மகன் மட்டும் ஊரிலேயே இருக்கிறானா? அவன் சென்னையில் இருக்கிறான், பெங்களூரில் இருக்கிறான், துபாயில் இருக்கிறான். ஊரை விட்டுப் போனதற்காக எந்த மகனிடமாவது விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியது உண்டா? நிலத்தை அந்நியனுக்கு விற்று நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவனும் பெரும்பாலும் அவன்தான். அப்போது மட்டும் பூர்வீகம், குலதெய்வம் எதுவும் யாருக்கும் ஞாபகம் வராது.

நான்காவதுதான் பெரிய ஆயுதம்: "உறவு வேணுமா, சொத்து வேணுமா?"

நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டாமா? பொண்ணு பெரியவளானால் தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவார்கள்? புருஷன் வீட்டில் ஒன்று என்றால் வந்து நிற்க ஒரு பிறந்த வீடு வேண்டாமா? இப்படித்தான் கேட்பார்கள். அம்மாவே கேட்பாள், அதுதான் கொடுமை. பங்கு கேட்ட மகனை இந்த ஊரில் யாரும் பேராசைக்காரன் என்று சொல்வதில்லை, உரிமையைக் கேட்டான் என்பார்கள். பங்கு கேட்ட மகளுக்கோ "கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்" என்ற பட்டம் சாகும்வரை நிற்கும். பொங்கலுக்கு ஒரு சீர், ஆடிக்கு ஒரு புடவை என்று அண்ணன் அனுப்புவதைப் பெரிய மனசு என்று கொண்டாடுகிறார்கள். அவளுடைய அசலை வைத்துக்கொண்டு, வட்டியில் ஒரு துளியை வருடா வருடம் அன்பளிப்பாகத் தருவதற்குப் பெயர் பெரிய மனசா?

"யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவளே விரும்பித்தான் கையெழுத்து போட்டாள்" என்பார்கள் கடைசியாக. வணிகச் சட்டப் பாடத்தில் வருமே, 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்? சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும் என்கிறது 14-வது பிரிவு. ஒருவரின் மனதை ஆட்டிப்படைக்கும் இடத்தில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி நியாயமற்ற லாபம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு என்கிறது 16-வது பிரிவு. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்யாத பி.காம். மாணவன் கிடையாது. ஆனால் அந்தப் பாடம் சொந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. உண்மையிலேயே பாசம்தான் காரணம் என்றால் அது இரண்டு பக்கமும் ஓட வேண்டுமே? அண்ணன் தங்கைக்கு அன்பின் காரணமாக எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் உங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

அரசாங்கமும் இதில் விநோதமாகத்தான் நடந்துகொள்கிறது. 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் முதல் சலுகை தந்தது. நல்லது. ஆனால் பெண் தன் பங்கைக் குடும்பத்துக்குள் விட்டுக்கொடுப்பதற்கும் சலுகை இருக்கிறது! விற்பனைக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, குடும்பத்துக்குள் விடுதலை என்றால் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு. தீர்வை கணக்குப் போடுவதற்காக அவள் விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பு என்ன என்பது பத்திரத்திலேயே எழுதப்படுகிறது. அதை அவளுக்குப் படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை. குறைந்தபட்சம் சார்பதிவாளர் அவளைத் தனியாக அழைத்து, "அம்மா, நீங்கள் விட்டுக்கொடுப்பது இத்தனை லட்சம், சம்மதம்தானா?" என்று கேட்க ஒரு விதி போட்டால் என்ன?

இது இந்து வீடுகளின் கதை மட்டுமல்ல. 1916-ம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் அதை உடைத்தார். இஸ்லாமியச் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. மதம் மாறினாலும் தராசு சாய்வது ஒரே பக்கம்தான்.

"பங்கு வந்தால் மட்டும் பெண்ணின் வாழ்க்கை மாறிவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் திருமணமான பெண்களிடையே பொருளாதார அறிஞர்கள் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம், வீடு இரண்டும் சொந்தமாக இருந்த பெண்களில் அது 7 சதவீதம்தான். போக ஓர் இடம் இருக்கிறவளை அடிக்கக் கை ஓங்குகிறவன் கொஞ்சம் யோசிக்கிறான். அப்படியானால் விடுதலைப் பத்திரத்தில் அவளிடமிருந்து எழுதி வாங்குவது வெறும் செண்டு கணக்கையா? கஷ்டகாலத்தில் அவள் திரும்பி வந்து நிற்க வேண்டிய திண்ணையையும் சேர்த்துத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் சுமார் 14 சதவீதம்தான் பெண்கள் கையில் இருந்தது. வயலில் நாற்று நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் யார் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: எந்தப் பத்திரத்திலும் அவசரத்தில் கையெழுத்து போடாதீர்கள். வரைவை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சொத்து விவரத்தையும் மதிப்பையும் படியுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் விட்டுக்கொடுக்கத் தோன்றினால் அது உங்கள் விருப்பம்.

ஆனால் இதில் மாற வேண்டியவர்கள் அண்ணன் தம்பிகள்தான். உரிமையைப் போராடி வாங்குவது எப்படி என்று பெண்களுக்கு வகுப்பெடுத்தது போதும். கேட்டால் கெட்ட பெயர், கேட்காவிட்டால் பங்கு இல்லை என்ற இக்கட்டில் தங்கையை நிறுத்தாமல், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவள் பெயரையும் நீங்களே எழுதச் சொல்லுங்கள். மாமன் மடி, பொங்கல் சீர் எல்லாம் அதற்குப் பிறகும் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அடுத்த மார்ச் 8-ல் மேடை ஏறி முழங்கப் போகிறவர்கள், அதற்கு முன் வீட்டில் அந்த ஒரு காகிதத்தைப் பற்றி அப்பாவிடம் பேசிவிட்டு வாருங்கள்!