கருணாபுரத்தை யார் படம் எடுப்பது?

2024 ஜூனில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்கு நாடெங்கிலுமிருந்து கேமராக்கள் வந்தன. வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்கள், தலையில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள், எரியும் சிதைகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், அன்றாடக் கூலிகள். அவர்கள் மூட்டை தூக்கியதையோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதையோ யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. செத்த பிறகுதான் முகம் கிடைத்தது.

இது புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றியும் அதில் உண்டு. மூக்கின் நீள அகலத்தைக் கருவி வைத்து அளந்த அதே கண்தான் கேமராவுக்குள்ளும் பார்த்தது. எதிரில் நின்றவர் மனிதரல்ல, மாதிரி.

ஃபிலிமுக்கும் ஒரு நிறம் பிடித்திருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை அளவுகோலாக்கி வண்ணம் சரிபார்க்க கோடாக் வைத்திருந்த அட்டைக்கு ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். கறுத்த முகங்கள் அதில் சரியாக விழவில்லை. சாக்லேட், மரச்சாமான் வியாபாரிகள் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே திருத்தம் வந்ததாக அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். நம்மூர் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவில் பென்சில் தீட்டி முகத்தை வெளுக்க வைப்பது ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் கேட்கவே வேண்டாம்.

அதே ஃபிலிமில் வேறு விதமாகப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், 1942-ல் வாஷிங்டன் அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்த எல்லா வாட்சனைத் துடைப்பத்தோடு தேசியக் கொடியின் முன் நிறுத்தி எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் அந்த ஒரு படத்தோடு போய்விடவில்லை என்பதுதான் முக்கியம். வாட்சனின் வீட்டுக்குப் போனார், பேரப்பிள்ளைகளை எடுத்தார், தேவாலயத்துக்கும் பின்தொடர்ந்தார். மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். ரோலுக்கு 36 படம்தான். எடுத்ததை அங்கேயே பார்க்கவும் முடியாது. அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை அது. எதிரே இருப்பவரோடு பேசிப் பழகி, காத்திருந்துதான் ஆகவேண்டும்.

இன்று ஃபிலிம் அரிதாகிவிட்டது, அந்தப் பொறுமை அழியவில்லை. மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனி குமார், மலக்குழி மரணங்களையும் அந்தக் குடும்பங்களின் வாழ்வையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். விளிம்புநிலைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் தாய் தந்தையின் வேலையைப் படமெடுக்கும்போது, வெளியாள் யாருக்கும் வாய்க்காத நெருக்கம் அதில் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது ஏன் கூடாது? சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி பற்றி அதிகாரிகள் தரும் அறிக்கைகளோடு, மலையின் பிள்ளைகளே எடுத்த படங்களும் பேச வேண்டாமா? அங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், சமவெளியின் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பள்ளிக்கு இரண்டு கேமராவும், கோடை விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சியும் கொடுக்கப் பெரிய நிதி தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் வரும் கோடையிலேயே இதைத் தொடங்கலாம். முதல் கண்காட்சியை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே வைக்கட்டும். கருணாபுரத்திலிருந்தும் வந்து பார்ப்பார்கள்.