‘அற்புத மங்கை’: குணமும் குற்றமும்

சித்திரக் கதை என்றவுடன் முகஞ் சுளிப்போர் கற்றாருள் இன்றும் பலர் உளர். சிறுவர் பொழுதுபோக்கிற்கென அச்சிடும் மலிவுத் தாள்களில் ஆராய்தற்கு என்ன உளது என்பது அவர்தம் வினா. ஒரு கதை எண்பது ஆண்டுகட்கு மேலாகத் தொடர்ந்து வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெறுமாயின், அது படிப்போர் உள்ளத்தில் ஏதேனும் ஒன்றை விதைத்தே யிருத்தல் வேண்டும். அவ்விதை பயிருக்குரியதோ, களைக்குரியதோ எனக் காண்பது இலக்கியம் பயில்வார் கடனன்றோ? ஆதலின், அமெரிக்க நாட்டில் 1941-ஆம் ஆண்டிற் பிறந்து இன்றுந் தொடர்ந்து வரும் ‘வொண்டர் உமன்’ என்னுங் கதைத் தொடரை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அதன் தலைவியை ‘அற்புத மங்கை’ எனத் தமிழில் வழங்குவோம். நம் நண்பர் பலர் அவளை 2017-இல் பாட்டி ஜென்கின்ஸ் அம்மையார் இயக்கிய திரைப்படத்தாலேயே அறிவர். யாம் பேச விழைவது அப்படத்திற்கு மூலமான சித்திரக் கதையைப் பற்றியே.

இதனை ஆக்கியவர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்னும் உளநூல் அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். இரத்த அழுத்தத்தின் ஏற்றத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் முறை யொன்றை வகுத்தவர். 1923-இல் வாஷிங்டன் நகரத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முறையைச் சான்றாக ஏற்க மறுத்தது. பின்னாளில் சார்லஸ் மௌல்டன் என்னும் புனைபெயரோடு கதை யெழுதப் புகுந்த அவர், தம் தலைவியின் கையில் ஒரு பொற்கயிற்றைக் கொடுத்தார். அதனாற் கட்டுண்டவர் முதலில் அவள் கட்டளைக்குப் பணிந்தனர். பிற்காலக் கதைகளில் உண்மையன்றி வேறு உரைக்கலாகாதவர் ஆயினர். அந்நாளைச் சித்திரக் கதைகளின் பெருங்குறை அவற்றில் மலிந்த முரட்டு ஆண்மையே யென்றும், வலிமையோடு அன்புங் கூடிய ஒரு பெண்ணே அதற்கு மருந்தென்றும் மார்ஸ்டன் கருதினார். ஓவியந் தீட்டியவர் ஹாரி பீட்டர்.

கதையின் தொடக்கம் எளியது. ஆடவர் புகாத தீவொன்றில் அமேசான் என்னும் வீரமகளிர் வாழ்கின்றனர். அவர்தம் அரசி களிமண்ணாற் செய்த குழவிக்குத் தெய்வம் உயிரளிக்க, அக்குழவி டயானா என வளர்கின்றாள். போர்க்காலத்தில் ஸ்டீவ் டிரெவர் என்னும் அமெரிக்கப் படைவீரன் விமானத்தோடு அத்தீவில் வீழ்கின்றான். அவனை நாடு சேர்ப்பித்து, அங்கே கொடுமையோடு பொருதற்கு உரியாளைத் தேரப் போட்டி நிகழ்கின்றது. தாய் தடுத்தும் முகமூடி யணிந்து புகுந்து டயானா வெல்கின்றாள்.

இக்கதையின் முதற் குணம் இத்தொடக்கத்திலேயே உளது. இத்தகைய வீரர் பலர் இழப்பினாற் பிறந்தோர். சூப்பர்மேன் அழிந்துபட்ட உலகொன்றினின்று தப்பிய மகவு. பேட்மேன் பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட சிறுவன். டயானாவோ எதனையும் இழந்தவள் அல்லள். குறைவற்ற நாட்டையும் அன்புள்ள தாயையும் தானே விட்டுப் பிறர் பொருட்டு வந்தவள். வஞ்சம் தீர்க்க வாராத வீரம் என்பது இவ்வகைக் கதைகளில் அரிய பொருளாகும்.

இரண்டாவது குணம், பகைவரை அவள் நடத்தும் முறை. தொடக்கக் கதைகளில் பாலா வான் குந்தர் என்னும் நாஜி ஒற்றுக்காரி மீண்டும் மீண்டும் தீங்கு சூழ்கின்றாள். 1943-இல் வெளிவந்த கதையில் அவள் தன் மகளை நாஜிகள் பிணையாக வைத்திருப்பது தெரியவருகின்றது. டயானா அக்குழந்தையை மீட்கின்றாள், பகையாயிருந்தவள் துணையாகின்றாள். உலகப்போர் மூண்டு, பகைவரை வெறுத்தலே நாட்டுப்பற்றெனப் பேசப்பட்ட ஆண்டில், சிறுவர் தாளொன்று பகைவனுக்கும் ஒரு தாயின் நெஞ்சம் இருக்கலாம் என்று கற்பித்தது. இதனினும் பெரிய பாடத்தைப் பெருங்காப்பியங்களும் எளிதிற் கற்பிப்பதில்லை.

மூன்றாவது குணத்தை 1987-இல் தொடரைப் புதிதாகத் தொடங்கிய ஜார்ஜ் பெரஸ் அளித்தார். அவர் வரைந்த டயானா ஆங்கிலம் ஒருசொல்லும் அறியாதவளாய்ப் பாஸ்டன் நகர் வந்து, ஜூலியா கபடெலிஸ் என்னும் பேராசிரியையிடம் அம்மொழியைக் கற்கின்றாள். உலகைத் திருத்த வந்தவள் முதலில் அவ்வுலகின் மாணவியாகின்றாள்! 1990-இல் பெரசும் மிண்டி நியூவெல் அம்மையாரும் எழுதிய கதையொன்றில், பேராசிரியையின் மகள் வனெசாவின் பள்ளித்தோழி தற்கொலை செய்துகொள்கின்றாள். அடித்து வீழ்த்துதற்கு அங்கே பகைவன் எவனும் இலன். துயருற்றார் அருகிருத்தலன்றி வலியவளுக்கும் செய்யத்தக்கது வேறில்லை யென்பதை அக்கதை ஆரவாரமின்றிக் கூறுகின்றது.

நிற்க. இனிக் குற்றங்களையும் மறையாது கூறல் வேண்டும்.

கண்ணிற்கு முதலிற் புலனாவது உடையும் விலங்குமே. மார்ஸ்டன் எழுதிய கதைகளில் டயானா எத்தனை முறை சங்கிலியாற் பிணிக்கப்படுகின்றாள்! ஆடவன் ஒருவன் அவள் வளைகளைப் பிணைப்பின் அவள் வலிமை அகலும் என்பது கதையின் விதி. வாக்குரிமைக்குப் போராடிய மகளிர் சங்கிலியைத் தம் அடையாளமாகக் கொண்டனராதலின், இஃது அதன் குறிப்பே என்று சாதிப்பர் சிலர். ஒருமுறை வருவது குறிப்பாகலாம். ஓயாது வருவது சுவைக்காக வருவதே. பதிப்பகத்தின் ஆலோசகராயிருந்த ஜோசெட் ஃபிராங்க் அம்மையாரே 1943-இல் இதனைக் கண்டித்தார் என்பது கருதத்தக்கது. 2016-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஐக்கிய நாடுகள் அவை அற்புத மங்கையைப் பெண்கள் முன்னேற்றத்திற்குக் கௌரவத் தூதராக்கியபொழுதும், இவ்வுடையைக் காட்டியே அவை ஊழியர் பலர் எதிர்த்தனர். ஏறத்தாழ 45,000 பேர் விண்ணப்பத்திற் கையொப்பமிட, டிசம்பரில் அப்பதவி முடிவுற்றது.

இரண்டாவது குற்றம், அவள் வலிமையை எழுதுவோரே அஞ்சியது. 1942-இல் வீரர் சங்கமொன்றிற் சேர்க்கப்பட்டபொழுது அவளுக்குக் கிடைத்த பதவி யாது? காரியதரிசி! ஆடவர் போருக்குச் செல்ல, அவள் குறிப்பெழுத இருந்தாள். 1968-இல் அவள் ஆற்றல் முழுதும் பறிக்கப்பட்டு, ஆடையங்காடி நடத்துபவளானாள். அவ்வாண்டுகளின் ஓவியத்தில் உயிர்ப்பு உண்டென்பதை மறுக்கோம். ஆயினும் பெண்கள் உரிமை கேட்டு வீதிக்கு வந்த காலத்தில் அவர்தம் கதைத்தலைவி வலியிழந்து நின்றது பொருந்தாமையே. குளோரியா ஸ்டைனெம் அம்மையார் தொடங்கிய ‘மிஸ்’ இதழ் 1972-இல் பழைய அற்புத மங்கையை முகப்பில் வரைந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆற்றல் மீண்டது.

மூன்றாவது, அயலினத்தாரை இழிவாக வரைந்தமை. போர்க்கால இதழ்களில் ஜப்பானியரும், 1965-இல் முட்டை வடிவான ஒரு சீனப் பகைவனும் மனிதராகவே காட்டப்பெறவில்லை. பாலாவுக்கு இரங்கிய கதை இவர்க்கு இரங்காதது நாணத்தக்கது.

இவை யாவற்றினும் பெரிதாக எமக்குத் தோன்றுங் குற்றம் வேறொன்று. உண்மைக் கயிறு தாங்கிய இவளைப் பற்றி உண்மை உரைப்பார் இலர். களிமண்ணிற் பிறந்தாள் என 1942-இற் கூறினர். அது பொய், அவள் ஸீயஸ் என்னுந் தேவனின் மகள் என 2011-இல் தொடங்கிய தொடர் கூறிற்று. 2016-இல் வந்த ஆசிரியரோ அவள் நினைவுகளுட் பல பொய்யென்றார். எழுதுவோர் மாறுந்தோறும் பிறப்பு மாறின், கதைத்தலைவிக்குக் குணம் எங்ஙனம் நிலைக்கும்? கதையினுள் மட்டுமன்று, வெளியிலும் இதுவே நிகழ்ந்தது. 1944 முதல் பல கதைகளை எழுதியவர் மார்ஸ்டனின் மாணவியாயிருந்த ஜாய் மர்ச்சிசன் அம்மையார். ஆயினும் தாளில் அச்சேறியது சார்லஸ் மௌல்டன் பெயரே. பெண்ணின் பெருமை பேசிய தாள், அதனை எழுதிய பெண்ணின் பெயரை மறைத்தது!

2005-இல் நிகழ்ந்ததும் இதனோடு சேரும். மாக்ஸ்வெல் லார்டு என்பவன் சூப்பர்மேனின் மனத்தைத் தன்வயப்படுத்திக் கொலைக்கு ஏவுகின்றான். கயிற்றாற் கட்டி, தடுக்கும் வழி யாதென வினவுகின்றாள் டயானா. தன்னைக் கொல்வதொன்றே வழி என்கின்றான் அவன், அவ்வாறே கொல்கின்றாள். துணிந்த கதை யென்று புகழ்வார் உளர். எமக்கு உடன்பாடன்று. வேறு வழியே இல்லாதபடி கதையைப் பின்னியவன் ஆசிரியன். பழியைத் தலைவி சுமந்தாள். பாலாவின் கதையை எழுதிய கை, இங்கும் மூன்றாவது வழியொன்றைத் தேடியிருக்கும்.

ஆயின் இத்தொடர் தள்ளத்தக்கதோ? அன்று. குணங் குற்றம் இரண்டையும் ஒருசேர எடைபோட்டு, மிக்கது கொள்ளும் வள்ளுவர் நெறி நின்று நோக்கின், குணமே மிகும் என்பது எம் துணிபு. ஏனெனில் மேற்கூறிய குற்றங்கள் யாவும் மூலக் கருத்தினின்று வழுவியபொழுது நேர்ந்தவை. அவற்றைக் குற்றமென அறிதற்குரிய அளவுகோலையும் அக்கதையே நமக்குத் தருகின்றது. வெறுப்பின்றி வலிமை, வலிமையோடு வாய்மை என்னும் அவ்வளவுகோலாலன்றோ 1968-இன் பிழையை வாசகர் கண்டனர்?

இன்னொன்று கூறி முடிப்போம். 1942-இல் வெளிவந்த முதல் இதழில், வரலாற்றுப் பெண்மணிகள் பற்றிய சில பக்கங்கள் தொடங்கப்பெற்றன. டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் அப்பகுதிக்கு ஆசிரியராக விளங்கினார். முதலிற் போற்றப்பெற்றவர் நோயாளர்க்குப் பணிபுரிந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். களிமண்ணிற் பிறந்தவளைப் படித்து மகிழ்ந்த சிறுமி, அடுத்த பக்கத்தில் தன்னைப்போல் தாய் வயிற்றிற் பிறந்தவளைக் கண்டாள். 1950-களில் அப்பக்கங்கள் மறைந்து, திருமண வழக்கங்கள் பற்றிய துணுக்குகள் அவ்விடத்தைக் கொண்டன. பறந்து செல்லும் மங்கையினும் விளக்கேந்தி நடந்து சென்ற மங்கையே பெரியள் என்று சொல்ல நாணாத காலமே இத்தொடரின் பொற்காலம் என்போம். இதனைப் படிக்கப் புகும் மாணவர், அப்பொற்கயிற்றை ஆசிரியர்மீதும் ஒருமுறை வீசி, உண்மை உரைக்கச் செய்து படிப்பாராக.