கைத்துப்பாக்கியா காவல்?

2014-இல் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ஒரு சுழல்துப்பாக்கியை விற்பனைக்கு விட்டது. 'நிர்பீக்' என்று பெயர். அச்சமற்றவர் என்று பொருள். 2012-இல் தில்லியில் சீரழிக்கப்பட்டு மாண்ட மாணவியின் நினைவாம்!

கெட்டியான கருவிதான், மறுக்கவில்லை நாம். அரைக் கிலோ எடை, ஆறு குண்டுகள். சுத்தியலைக் கையால் இழுத்து நிறுத்த வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் உருளை சுழலும், சுத்தியல் எழுந்து அடிக்கும், குண்டு பாயும்.

2014-இல் விலை? ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்! விக்கிரமசிங்கபுரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் நம் தங்கை எதை விற்று வாங்குவாள்? முறத்தையா? கத்தரியையா? வாங்கினாலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், போலீஸ் விசாரணை வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

உள்ளவளுக்குத் துப்பாக்கி; இல்லாதவளுக்கு? தெருவுக்கு விளக்கு, இரவுக்குப் பேருந்து, புகாரை விரட்டாமல் வாங்கும் காவல் நிலையம் — இவையன்றோ அரசு தர வேண்டிய ஆயுதங்கள்! காக்க வேண்டியவரே கடை விரிப்பதா?

அஞ்சி ஆயுதம் சுமக்கும் பெண்ணையல்ல, அஞ்சாது வெறுங்கையோடு நடக்கும் பெண்ணையே காண விழைகிறோம் நாம்!