நஞ்சில்லா வயலில் குனிந்த முதுகு

'நஞ்சில்லா உணவு' என்று மேடைதோறும் பேசுகிறோம். சாப்பிடுறவங்க உடம்பு கெடக்கூடாது, மண்ணு சாகக்கூடாது. சரிதான். அந்த வயல்ல இறங்கி வேலை செய்யிறவங்க உடம்பு? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் கலிபோர்னியாவின் தோட்டக் கூலிகள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், அப்படி வந்தவர்களின் பிள்ளைகள்.

1935-இல் அந்த நாட்டில் தொழிற்சங்க உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் விவசாயக் கூலிகளை அதற்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். 1942 முதல் 1964 வரை, 'பிரசெரோ' திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கூலி உரிமை கேட்டால், வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா வேலை முடிஞ்சுது!

1965 செப்டம்பரில் இந்தக் கணக்கு தப்பியது. டெலானோ ஊரின் திராட்சைத் தோட்டங்களில், லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் சீசர் சாவேசும் டொலோரஸ் உவெர்த்தாவும் தொடங்கிய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் சங்கமும் கைகோத்தது. 1966-இல் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு 340 மைல் நடந்தார்கள். ஊர் ஊராகப் போய், இந்தத் திராட்சையை வாங்காதீர்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். மக்களும் கேட்டார்கள். 1970 ஜூலையில் டெலானோ தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கூலி உயர்வு மட்டும் இல்லை. டி.டி.டி. தெளிக்கக் கூடாது என்பதும் இருந்தது. அரசாங்கம் டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-இல்தான். விஷத்தை முதலில் சுவாசித்தவர்களே அதை முதலில் நிறுத்தவும் செய்தார்கள்.

அடுத்து களைக்கொத்து. கைப்பிடி இரண்டு அடிக்கு மேல் இருக்காது. அதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே கங்காணிக்குத் தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்துபோன தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, 1975-இல் அந்தக் கருவிக்கே தடை வாங்கினார்கள்.

இதுவரைக்கும் படிக்க நமக்குப் பெருமையா இருக்கும். இனிமேதான் சங்கடம். களைக்கொத்து போனதும், வெறுங்கையால் குனிந்து களை பறிக்கச் சொன்னார்கள். 2004-இல் கலிபோர்னியா அதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்போது விதிவிலக்கு வாங்கியது யார் தெரியுமா? இயற்கை விவசாயப் பண்ணைகள். களைக்கொல்லி தெளிக்க மாட்டோம், அதனால் கையால்தான் பறிக்கணும் என்பது வாதம். விஷத்தை விரட்டப் போராடியவர்களின் முதுகு, விஷமில்லாத வயலில் மறுபடியும் குனிந்தது.

இதை நாம் நமக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நம்ம வயல்ல களை எடுக்கிற பெண்கள் கையில் இருப்பதும் குட்டைப்பிடிக் களைக்கொத்துதானே? "ஏற்கெனவே ஆள் கிடைக்கல, கூலி கட்டுபடியாகல, இதுல இது வேறயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வரிசை நடவு போட்டால் நெல்லுக்குக் கோனோ வீடர் ஓட்டலாம். மூடாக்குப் போட்டால் பாதிக் களை முளைக்காது. நின்றபடி வெட்ட நீளப்பிடிக் கருவியை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்து வாங்கலாம். இதெல்லாம் பெரிய செலவில்லை. ஆள் குறைந்திருக்கிற காலத்தில், வருகிற ஆளின் முதுகைக் காப்பது நமக்கும் லாபம்தான்.

நம்ம விளைச்சலுக்குக் கூடுதல் விலை கேட்கிறோம், கேட்கணும். அந்தக் கூடுதலில் ஒரு பங்கு களையெடுக்கிற கைக்கும் போகணும். நஞ்சில்லாதது என்று சொல்லி விற்கிறோமே, அதை விளைவித்தவருக்கு வலி இருந்ததா என்றும் ஒருநாள் வாங்குகிறவர் கேட்பார். அதுக்குள்ள நாமே கேட்டுக்குவோம்.