கரும்புப் பணம் வரும் முன்னே, வந்த பின்னே

"ஏழைக்குப் புத்தி மட்டு" என்று சொல்வோர் உண்டு. கடன் வாங்குகிறான். வட்டி கட்டுகிறான். நகையை அடகு வைக்கிறான். மீட்க முடியாமல் மூழ்க விடுகிறான். "கொஞ்சம் யோசித்துச் செய்தால் இப்படி ஆகுமா?" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார்கள்.

இது சரியா, தவறா?

இந்தக் கேள்விக்கு விடை தேடி உலகத்து அறிஞர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் கொல்லைகளுக்கு வந்தார்கள்!

பெருமுக்கல் மலையை இந்தப் பக்கத்தார் எல்லோரும் அறிவார்கள். திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கிறது. மேலே பழைய சிவன் கோவில். இடிந்த கோட்டை. பாறையில் ஆதி மனிதன் கீறி வைத்த உருவங்கள். மலை ஏறி நின்று சுற்றிப் பார்த்தால் ஏரி, நெல் வயல், மணிலாக் கொல்லை, கரும்பு. மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் கரும்பு இன்னும் அதிகம். முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் எழுந்தது அதனால்தான்.

கரும்புக்கு ஒரு குணம் உண்டு. காய்கறி போல வாரம் ஒரு முறை காசு தராது. ஆண்டுக்கு ஒரு முறைதான் தரும். கரணை நடுவதில் இருந்து வெட்டும் வரை பத்து, பன்னிரண்டு மாதம். அதுவரை உரம், களை, சோகை உரிக்கும் கூலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கைப்பணத்தில் நடக்க வேண்டும். கைப்பணம் தீர்ந்தால் கடன். ஆலையில் இருந்து "கட்டிங் ஆர்டர்" எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். வெட்டி, லாரி ஏற்றி, பணம் கைக்கு வந்த பிறகுதான் மூச்சு.

ஆக, ஒரே ஆள் ஆண்டில் சில மாதம் ஏழை. சில மாதம் கையில் காசு உள்ளவர்.

இதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர். முதல் இருவரின் பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரியும். ஏழையையும் பணக்காரனையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் படிப்பு வேறு, வளர்ப்பு வேறு என்று ஆயிரம் வித்தியாசம் வரும். ஒரே மனிதனை அறுவடைக்கு முன்பும் பின்பும் பார்த்தால்? மூளை அதேதான். படிப்பும் அதேதான். மாறியது மடியில் உள்ள பணம் ஒன்றுதான்.

54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். எல்லோரும் சிறு விவசாயிகள். வருமானத்தில் பெரும் பகுதி கரும்பில் இருந்தே வருகிறவர்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

வைத்த சோதனை என்ன? இதோ:

5 5 5

இங்கே எத்தனை எண்கள் இருக்கின்றன? சட்டென்று சொல்லுங்கள்!

சரியான விடை மூன்று. ஆனால் நாக்கு "ஐந்து" என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி "மூன்று" என்று சொல்ல மனதுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும். இப்படி வரிசையாகப் பல கேள்விகள். எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை தவறு என்று குறித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சோதனை படங்கள். கோலத்தில் ஒரு மூலையை அழித்துவிட்டு, "இங்கே எது வரவேண்டும்?" என்று கேட்பது போல. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியது இல்லை. யோசிக்கத் தெரிந்தால் போதும்.

முடிவைப் பாருங்கள். படச் சோதனையில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரி. பணம் வந்த பின் அதே விவசாயிகள் 5.45 சரியாகச் சொன்னார்கள். எண் சோதனைக்கு முன்பு 146 நொடி ஆயிற்று. பின்பு 131 நொடியில் முடித்தார்கள். தவறுகளும் குறைந்தன.

இடையில் யாரும் இவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை!

அறுவடைக்கு முன் இவர்கள் நிலைமை என்ன என்றும் கேட்டு எழுதினார்கள். நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் நூற்றுக்கு 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 99 பேர், பின்பு 13 பேர்.

இந்த 99 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர், இருவர் அசட்டையால் கடன்பட்டிருந்தால் அது அவர்கள் குற்றம். ஊரே கடன்பட்டிருந்தால் அது பயிரின் குணம், பணம் வரும் முறையின் குணம்.

பட்டினி காரணமா?

"வயிறு காய்ந்தால் மூளை ஓடுமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அறுவடைக்கு முன்பும் அவர்கள் சாப்பாட்டைக் குறைத்துவிடவில்லை என்று தெரிந்தது. வெயில் காலம், மழைக் காலம் என்பதும் காரணம் இல்லை. எல்லோருடைய கரும்பையும் ஆலை ஒரே நாளில் வாங்குவதில்லை. சில மாதங்களுக்குப் பிரித்துப் பிரித்து வாங்குகிறது. ஒரே வாரத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்துக் கொல்லைக்காரர் காத்துக்கொண்டு இருப்பார்.

பிறகு எதுதான் காரணம்? கவலை என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இன்னும் கொஞ்சம் நுட்பமானது. மனம் ஒரு மாட்டு வண்டி. இவ்வளவு பாரம்தான் ஏற்றலாம் என்று கணக்கு உண்டு. "வெள்ளிக்கிழமை வட்டி கட்ட வேண்டும். உரக் கடைக்காரர் ஆள் அனுப்புவார். மகளின் பீஸ் பாக்கி" என்று வண்டியில் முக்கால் பங்கு பாரம் முன்பே ஏறிவிட்டது. புதிதாக ஒன்றை யோசிக்க மீதி இடம் எங்கே? மாடு இளைத்தது இல்லை. பாரம் மிஞ்சிவிட்டது.

இந்த ஆராய்ச்சி 2013-ம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் "சயின்ஸ்" இதழில் வெளிவந்தது. கூடவே அமெரிக்காவில் நடத்திய சோதனையும் வந்தது. நியூஜெர்சியில் ஒரு கடைவளாகத்துக்கு வந்தவர்களிடம், "உங்கள் காரைப் பழுது பார்க்க 150 டாலர் ஆகும், என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பிறகு அதே போன்ற சோதனைகளை வைத்தார்கள். ஏழையும் வசதி உள்ளவரும் ஒரே மாதிரி செய்தார்கள். வேறு சிலரிடம் 1,500 டாலர் என்று சொன்னார்கள். ஏழைகள் மட்டும் பின்தங்கினார்கள். காரும் பழுது இல்லை, செலவும் இல்லை. வெறும் பேச்சுதான்! அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லா அறிஞர்களும் இதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டோம். ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்தால் பழக்கத்தால் நன்றாக வராதா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்காகச் சிலரை அறுவடைக்குப் பின் முதல் முறையாகச் சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் எழுதிய வேறு சிலர், மூளை வேகத்தில் வித்தியாசம் காணவில்லை என்றார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவரும், ஆண்டுக்கு ஒரு முறை பணம் பார்க்கிற கரும்புக்காரரும் ஒன்றா என்பது நம் கேள்வி. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் ஒரு சோதனை நடந்தது. கடைசி நாளில் தர வேண்டிய கூலியைச் சிலருக்கு முன்னதாகவே கொடுத்தார்கள். மிக ஏழைகளாக இருந்தவர்களின் கை வேகம் கூடியது. வேலையில் பிழையும் குறைந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

அறுவடைக்கு முந்தின இரண்டு மாதம் நெருக்கடி மாதம். நிலத்தை விற்கும் பேச்சு, ஜாமீன் கையெழுத்து, பெரிய சீட்டு இவை எல்லாம் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வாசல் தேடி வருகின்றன. கடன் கொடுக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும்! முடிந்தவரை பணம் வந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப் போடுங்கள். தள்ள முடியாவிட்டால் தனியாக முடிவு செய்யாதீர்கள். வீட்டில் அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்து கணக்கைப் பார்க்கட்டும். ஞாபகத்தை நம்ப வேண்டாம். வட்டித் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அதிகாரிகளுக்கும் வேலை இருக்கிறது. பயிர்க் காப்பீட்டு மனு, மானிய மனு எல்லாம் பல பக்கம் இருக்கின்றன. ஒரு கட்டம் நிரப்பாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள். மனுவைச் சுருக்கலாம். நிரப்பித் தர ஒரு ஆளைப் போடலாம். விவசாயக் கூட்டங்களை அறுவடைக்குப் பின் வைக்கலாம். காதும் மனதும் திறந்திருக்கும் காலம் அது.

எல்லாவற்றிலும் பெரியது ஆலைப் பணம். கரும்பு (கட்டுப்பாடு) ஆணை 1966-ம் ஆண்டில் இருந்தே இருக்கிறது. கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். சட்டம் இப்படி இருந்தும், தமிழ்நாட்டில் ஆலைகள் கோடிக் கணக்கில் பாக்கி வைத்ததையும், விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடியதையும் நாடே பார்த்தது. பாக்கி என்றால் ரூபாய் மட்டும் பாக்கி அல்ல. அத்தனை நாளும் அந்தக் குடும்பத்தின் யோசனையையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வட்டி கட்டச் சொல்லும் சட்டத்தை அதிகாரிகள் அலமாரியில் இருந்து வெளியே எடுக்க வேண்டும்.

கரும்பு அனுப்பினால் எடைச் சீட்டு தருவார்கள். அதில் தேதி இருக்கும். சீட்டைத் தொலைக்காமல் வைத்து, அந்தத் தேதியில் இருந்து 14 நாள் எண்ணுங்கள். 15-ம் நாளும் பணம் வரவில்லை என்றால், வட்டியையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.