முதற்சொல்

தாளை விரித்து எழுதுகோலை ஏந்தியும் ஒரு சொல்லும் எழாமல் திகைத்தல் மாணவர்க்கு மட்டும் உரிய இடர் அன்று. 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடப் புகுந்த சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தப்பெருமானே முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பது சைவ மரபு. அங்ஙனமாயினும், அச்சொல்லைத் தொடர்ந்து 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியவர் சேக்கிழாரே என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

முதல் வரி வாராதெனின் அதற்காகக் காத்திருப்பானேன்? நூலின் முன் நிற்கும் சிறப்புப்பாயிரம், நூல் முற்றிய பின்னரே பிறரால் பாடப்பெறுவது. கட்டுரையையும் நன்கறிந்த செய்தியிலிருந்து தொடங்கலாம். முன்னுரை பின்னர் வரட்டும்.

பிழை நேருமோ என்னும் அச்சமே பெரும்பாலும் கையைத் தடுக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் கீறியவர்க்குத் திருத்துதல் அரிது. தாளில் எழுதுவோர்க்கு அவ்வச்சம் எற்றுக்கு?