ஐம்பதுக்கு மேல் தலைமுடி எதற்கு?

"இந்த வயசுக்கு மேல முடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ஐம்பதை நெருங்கிய ஒருவர் முடி கொட்டுகிறது என்று வாய் திறந்தால் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். சொன்னவர் அம்மாவாக இருந்தால், "உனக்கென்ன பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" என்று ஒரு கிண்டலும் இலவச இணைப்பாக வரும். அதே வீட்டில் இருபது வயதுப் பையனுக்கு நெற்றி கொஞ்சம் ஏறிவிட்டால் குடும்பமே கூடி ஆலோசனை நடத்தும். அம்மாவோ சீப்பில் வந்த முடியைச் சுருட்டி உருண்டையாக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்தப் பதில் தவறு. அழகு முக்கியமா இல்லையா என்பது வேறு விவாதம், அதை விட்டுவிடலாம். நடுவயதில் தலைமுடி என்பது பெரும்பாலும் உடம்பு அனுப்பும் கடிதம். கடிதத்தைப் பிரிக்காமலே குப்பையில் போடுவதுதான் பிரச்சனை. இன்னொரு பிரச்சனை காசு. முடிக்காக யாருமே செலவு செய்வதில்லை என்று சொல்ல முடியாது. எண்ணெய், ஷாம்பு, சாயம் என்று மாதாமாதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போகிற இடம்தான் தப்பு.

முடி செத்தது, தோல் உயிருள்ளது

கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்ற பொருள். நகம் மாதிரி. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது தலைத்தோலுக்குள், வேரில். முடியின் மேல் எதைப் பூசினாலும் அது பாலிஷ் போடுவதுதான். வேருக்குச் சாப்பாடு ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது.

ஒரு தலையில் சுமார் 1 லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு 3 மாதம் போல ஓய்வெடுக்கும், பிறகு விழும், அதே இடத்தில் புதிது முளைக்கும். தினமும் 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். வயது ஏற ஏற வளரும் காலம் குறைகிறது, முளைக்கும் முடியும் மெலிகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது நன்றாகவே தெரியும். நிறம் தரும் செல்கள் தீர்ந்துபோன வேரிலிருந்து வெள்ளை முடி வருகிறது. ஒரு வெள்ளை முடியைப் பிடுங்கினால் ஏழு முளைக்கும் என்பதெல்லாம் கதை. ஒரு வேரிலிருந்து நடக்கும் காரியம் பக்கத்து வேருக்குத் தெரியாது.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். கத்தி வெட்டுவது வெளியே இருக்கும் முடியை. வேர்களின் எண்ணிக்கை பழனிக்குப் போகும்போது எத்தனையோ, திரும்பி வரும்போதும் அத்தனையே. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். வேண்டுதலுக்காக மொட்டை போடலாம். வைத்தியமாகப் போட வேண்டாம்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன ஷாம்பு மாற்றினீர்கள்?" அல்ல. "இரண்டு மூன்று மாதத்திற்கு முன்னால் என்ன நடந்தது?" என்பதுதான். டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெரிய துக்கம் என எதுவாக இருந்தாலும், பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக விழும். 2020, 2021-இல் கொரோனா வந்து தேறிய பலருக்கு நடந்தது இதுதான். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானே அடங்கி முடி திரும்ப வளரும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு மூலிகை எண்ணெய் விற்றால் புகழ் முழுவதும் எண்ணெய்க்குப் போய்விடும்!

கொட்டுவது நிற்காமல் தொடர்ந்தால் பார்க்க வேண்டியவை தைராய்டும் இரும்புச்சத்தும். நடுவயதுப் பெண்களிடம் இரண்டு குறைபாடுகளுமே சகஜம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ரத்தப்போக்கு அதிகமாகும் பெண்களுக்கு இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டும் பரிசோதனைக்குப் பெயர் ஃபெரிட்டின். கையில் பணப் புழக்கம் இருக்கிறது, வங்கிக் கணக்கு காலி என்கிற நிலைமைதான் இது.

அசதி, மூச்சு வாங்குவது, உடம்பு கனப்பது எல்லாவற்றையும் "வயசாச்சு" என்று ஒதுக்கிவிடுவார்கள். முடியையாவது கவனித்தால் அந்தச் சாக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை நடக்கும். முடி திரும்பி வருகிறதோ இல்லையோ, தைராய்டு பிடிபடும். "இந்த வயசுக்கு மேல எதுக்கு?" என்ற கேள்வி அடைப்பது இந்த வழியைத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முடி போன இடம் வழவழவென்று, முடி முளைக்கும் துளைகளே தெரியாமல் இருந்தால், அல்லது அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் சிவப்பும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அது வேரையே அழித்துத் தழும்பாக்கும் வகையாக இருக்கலாம். அழிந்த வேர் மீண்டும் வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருத்துவர் தேவை.

விளம்பரத்தின் சின்ன எழுத்து

முடி உதிர்வைத் தடுக்கும் என்று சொல்லும் ஷாம்பு விளம்பரங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். முடி உடைவதால் ஏற்படும் உதிர்வை மட்டும் குறிப்பிடுகிறோம் என்று அதில் இருக்கும். உடைவது வேறு, வேரோடு விழுவது வேறு. நடுவயதில் கவலை தருவது பெரும்பாலும் இரண்டாவது. விளம்பரம் பதில் சொல்வது முதலாவதற்கு. பெரிய எழுத்தைப் படித்துக் காசு கொடுக்கிறார்கள், சின்ன எழுத்தில் இருப்பதுதான் கிடைக்கிறது.

சட்டமும் இதில் ஏமாளி இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. புற்றுநோய் இருக்கும் அதே பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. முடியின் நிறத்தை மாற்றுவதும் புது முடி வளர்ப்பதும்கூட இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ விளம்பரங்களில் "உதவும்", "ஊட்டமளிக்கும்" போன்ற வழுக்குகிற சொற்களே அதிகம்.

அப்படியானால் எண்ணெயே வேண்டாமா? அப்படியில்லை. மும்பை மாரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் 2003-இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்றது ஆய்வு. ஆய்வு செய்ததே தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அந்த ஆய்வும் இருக்கிற முடியின் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசியது, புதிதாக முளைப்பதைப் பற்றி அல்ல. வறண்ட நடுவயது முடிக்கு அந்தப் பாதுகாப்பு நல்லதே.

அதற்குத் தனியாக விலை உயர்ந்த புட்டி தேவையில்லை. சின்னப் புட்டியில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலை எண்ணெயா என்று வரிக்காகப் பல வருடம் வழக்கு நடந்தது. சமையல் எண்ணெய் என்று விற்றால் அது சமையல் எண்ணெய்தான், புட்டி சின்னதாக இருப்பதால் தலை எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. வீட்டுக்குப் பாடம் இதுதான்: அடுப்படியில் இருக்கும் நல்ல எண்ணெயே தலைக்கும் போதும்.

சாயம் அடிக்கலாமா?

அடிப்பதும் அடிக்காததும் அவரவர் விருப்பம். வெள்ளை முடியோடு கம்பீரமாக நடப்பவரையும், கறுப்பாக்கிக்கொண்டு சந்தோஷமாக இருப்பவரையும் விமர்சிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது.

கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா-ஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. பலருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குத் தலை அரிப்பு, காதோரம் நீர் வடிதல், கண் இமை வீக்கம் என்று ஒவ்வாமை வரும். பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் அடித்தவருக்குப் பதினோராவது வருடம் வரலாம். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்பது உத்தரவாதம் இல்லை. 'அமோனியா இல்லாதது' என்றால் பி.பி.டி. இல்லாதது என்று அர்த்தமும் இல்லை.

'மூலிகை', 'ஹென்னா' என்ற பெயர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சுத்தமான மருதாணி தருவது செம்பழுப்பு நிறம் மட்டுமே. மருதாணிக்குப் பிறகு அவுரி போட்டால் கறுக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. ஆனால் 'ஹென்னா' என்ற பெயரில் வரும் பொடி அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்கினால், உறையின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

சோதனை எளிது. கொஞ்சம் சாயத்தைக் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரித்தால் அந்தச் சாயம் வேண்டாம். ஒருமுறை முகம் வீங்கியவர் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று கல்யாண வீட்டுக்காக அடிப்பது ஆபத்தான விளையாட்டு.

மருந்து உண்டா?

உண்டு. ஆண்களுக்கு உச்சியில், பெண்களுக்கு வகிட்டில் மெல்ல மெல்ல அகலும் பரம்பரை வகைக்கு மினாக்சிடில். ரத்த அழுத்த மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் உதிர்வு கொஞ்சம் கூடும், பயந்து நிறுத்தக் கூடாது. பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். ஆகவே இது ஒருமுறைச் செலவு அல்ல, தொடர் செலவு. அதைக் கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பிப்பதே நல்லது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஆண்களுக்குத் தரப்படும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை அது ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். ஐம்பதைத் தாண்டியவர் இந்த மாத்திரை சாப்பிடுவதை எந்த மருத்துவரிடமும் மறைக்கக் கூடாது. முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் அதிக அளவில் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதை எச்சரித்தது. வெறும் முடி மாத்திரைதானே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பொடுகு இருக்கும்போது எண்ணெய் தேய்க்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான ஈஸ்ட் கிருமிக்கு எண்ணெய்தான் சாப்பாடு. கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டு உடனே அலசாமல் 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும்.

2. இறுக்கிப் போடும் கொண்டையும் பின்னலும் நெற்றியோர முடியை வேரோடு இழுக்கும். தளர்த்திக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

3. ஈரத் தலையைச் சிக்கெடுக்க வேண்டாம். ஈரமான முடி எளிதில் உடையும். அகலப் பல் சீப்பு நல்லது.

4. சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மீன், கீரை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவின் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும்.

5. எழுபது வயதுத் தாத்தா பாட்டிக்கு எண்ணெய்க் குளியல் என்றால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். குளியலறைத் தரையில் சிந்திய எண்ணெய் இடுப்பெலும்பை உடைக்கும். உட்கார ஒரு ஸ்டூல் போட்டு, குளித்து முடித்ததும் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. நாலு புட்டி மூலிகை எண்ணெய் வாங்கும் காசில் தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகளை வெளியிலேயே எடுத்துவிடலாம். குறைவது காசு அல்ல, கேட்க ஆள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் முடிக்காக இணையத்தில் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். அந்தத் தேடலில் பத்து நிமிடம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒதுக்கலாம். "ரொம்பக் கொட்டுதாம்மா? எத்தனை மாசமா?" என்று ஒரு கேள்வி போதும். பதில் "இந்த வயசுல எனக்கெதுக்குடா" என்றுதான் வரும். அதைக் காதில் வாங்காமல் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியதுதான்.